ஆஸ்பென் மஞ்சள்: எந்தச் சாலை, எந்த நேரம், வெயில் எந்தப் பக்கம்?

கேள்வி சுருக்கமாக இதுதான். செப்டம்பர் கடைசி வாரம் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக்குப் பயணம், கையில் ஐந்து நாள், கூடவே அறுபதைத் தாண்டிய அப்பா அம்மா, வாடகைக் கார். அதிகம் நடக்காமல், மலைச்சாலைகளில் இருந்தே ஆஸ்பென் மரங்களின் மஞ்சளைப் படம் எடுக்க வேண்டும். எந்தத் தேதியில் நிறம் உச்சத்தில் இருக்கும், எந்தச் சாலைக்குப் போகலாம், கையில் இருக்கும் 24-105, 70-300 லென்ஸ்கள் போதுமா?

லென்ஸ் தாராளமாகப் போதும். சாலைகளைக் கீழே சொல்கிறேன். தேதிக் கணக்கில்தான் பலரும் தேவைக்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். செப்டம்பர் பிறந்ததும் இந்த வாரம் உச்சமா அடுத்த வாரமா என்று வரைபடங்களைப் பார்க்க ஆரம்பித்து, ஒரே நாளில் மூன்று நான்கு கணவாய்களைத் தாண்டி ஓடி, கடைசியில் எல்லாப் படத்தையும் உச்சிவெயிலில் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நான் சொல்வது இதற்கு நேர் எதிர். ஒரே ஊரில் தங்குங்கள். பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று சாலைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சாலையில் எந்த நேரத்தில் வெயில் எந்தப் பக்கத்தில் இருந்து விழுகிறது என்று பார்த்துப் போங்கள். அதே மரம், அதே மஞ்சள், காலை எட்டு மணிக்கு ஒரு படம், மதியம் ஒரு மணிக்கு வேறு படம்.

தேதி ஏன் அவ்வளவு பெரிய விஷயம் இல்லை என்றால், ஆஸ்பென் தோப்பு என்பது தனித்தனி மரங்களின் கூட்டம் இல்லை. ஒரே வேர்த்தொகுதியில் இருந்து நூற்றுக்கணக்கான தண்டுகள் முளைத்து நிற்கும். மரபணுவில் அவை எல்லாம் ஒரே உயிர். யூட்டா மாநிலத்தில் ஃபிஷ் லேக் பக்கம் இருக்கும் ‘பாண்டோ’ என்ற தோப்பு 106 ஏக்கர் பரப்பில் ஏறக்குறைய 47,000 தண்டுகளோடு நிற்கிறது, எல்லாம் ஒரே மரம். கொலராடோவில் தோப்புகள் அவ்வளவு பெரிதில்லை. ஒரே மலைச்சரிவில் பல தோப்புகள் அடுத்தடுத்து இருக்கும். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு நேரத்தில் நிறம் மாறும். அதனால்தான் ஒரு சரிவைப் பார்த்தால் இங்கே திட்டாகப் பச்சை, அதற்கு ஒட்டினாற்போல் தங்க மஞ்சள், அதற்கு மேல் ஒரு திட்டு செம்மஞ்சள், ஓரமாக ஏற்கெனவே இலை கொட்டிய சாம்பல் நிறக் கிளைகள். திட்டு எங்கே முடிகிறது என்று கோடு போட்ட மாதிரி தெரியும். இப்படிப் பல நிறம் கலந்த சரிவுதான் படத்துக்கு நல்லது. எல்லாம் ஒரே மஞ்சளாக இருந்தால் நேரில் வாயைப் பிளக்கலாம், படத்தில் பிடிமானம் இருக்காது.

அதோடு உயரக் கணக்கும் உண்டு. பொதுவாக மேலே இருக்கும் மரங்கள் முதலில் மாறும், பள்ளத்தாக்கில் இருப்பவை பிறகு மாறும். மாநிலத்தின் வடக்கு முந்தும், தெற்கு பிந்தும். நீங்கள் போகும் வாரத்தில் 10,000 அடியில் கொட்டியிருந்தால் 8,500 அடிக்கு இறங்குங்கள். அங்கே இன்னும் பச்சையாக இருந்தால் மேலே ஏறுங்கள். ஒரு மலைச்சாலையில் அரை மணி நேரம் ஓட்டினாலே இந்த வித்தியாசம் கிடைத்துவிடும். கெடுப்பது காற்றும் முன்கூட்டி வரும் கனத்த பனியும்தான். ஒரே ராத்திரியில் ஒரு சரிவை மொட்டையாக்கிவிடும். அதை எந்த வரைபடமும் முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை.

சரி, எங்கே தங்குவது? செப்டம்பர் கடைசி வாரம் என்றால் தென்மேற்கில் இருக்கும் சான் வான் மலைகளைச் சொல்வேன். ஊர் ரிட்ஜ்வே. டென்வரில் இருந்து காரில் வந்தால் ஐந்தரை, ஆறு மணி நேரம் ஆகும். மான்ட்ரோஸ் வரை விமானத்தில் வந்தால் அங்கிருந்து அரை மணி நேரம். ரிட்ஜ்வே ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. பெற்றோருக்காக இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். டெலுரைடு 8,750 அடி. கடல் மட்டத்தில் இருந்து வந்தவர்களுக்கு அந்த உயரத்தில் முதல் ராத்திரி தூக்கம் வராது, தலை வலிக்கும். தாழ்ந்த ஊரில் படுத்து, பகலில் மேலே போய் வருவதுதான் உடம்புக்கு நல்லது. தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். இதய நோய், நுரையீரல் தொந்தரவு ஏதாவது இருந்தால் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

ரிட்ஜ்வேயில் இருந்து மேற்கே போகும் 62ஆம் எண் நெடுஞ்சாலையில் இருபது நிமிடத்தில் டல்லஸ் டிவைடு வரும். முழுக்கத் தார்ச்சாலை, வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, இறங்கினால் கண் முன்னால் முழு ஸ்னெஃபல்ஸ் மலைத்தொடர். மவுன்ட் ஸ்னெஃபல்ஸ் சிகரம் 14,150 அடிக்கு மேல். கீழே பள்ளத்தாக்கு முழுக்க ஆஸ்பென். கொலராடோ இலையுதிர் காலப் படங்களில் கணிசமான பங்கு இந்த ஓர் இடத்தில் இருந்து எடுத்ததுதான். இங்கேதான் திசையைப் பார்க்க வேண்டும். நீங்கள் நிற்கும் இடத்தில் இருந்து மலை தெற்கே இருக்கிறது. நீங்கள் பார்ப்பது அதன் வடக்கு முகம். செப்டம்பர் கடைசியில் சூரியன் கிட்டத்தட்ட நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும், பகல் முழுக்கத் தெற்கு வானத்தில் நகரும். ஆக நடுப்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் மேலே, மலையின் முகம் நீல நிழலில், இடையில் புகைமூட்டம் மாதிரி ஒரு வெளிறல். படம் சப்பென்று வரும். சூரியன் எழுந்த முதல் அரை மணியும் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் வெயில் பக்கவாட்டில் இருந்து மலையைத் தடவிக்கொண்டு விழும். அப்போதுதான் பாறையின் மடிப்பும் தோப்பின் திட்டுகளும் எழுந்து நிற்கும். அந்த வாரத்தில் உதயமும் மறைவும் இரண்டுமே ஏறக்குறைய ஏழு மணி. காலையில் ஆறரைக்கே போய் நில்லுங்கள். ட்ரைபாட்களோடு பத்துப் பேர் உங்களுக்கு முன்பே நிற்பார்கள், பரவாயில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது தனியார் நிலம். அதில் பெரும்பகுதி உடை வடிவமைப்பாளர் ரால்ஃப் லாரனின் பண்ணை. வேலியைத் தாண்ட வேண்டாம். அந்த மரவேலியே படத்தின் முன்புறத்துக்கு நன்றாக அமையும்.

அதே நெடுஞ்சாலையில் இருந்து தெற்கே பிரியும் இரண்டு கிளைச் சாலைகளுக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்குவேன்: கவுன்டி ரோடு 7, கவுன்டி ரோடு 9. இரண்டும் கப்பிச் சாலை. முதல் சில மைல்கள் பண்ணைகளுக்கு நடுவே போகும், சாலை பொதுவழி, இருபுறமும் தனியார் நிலம். அப்புறம் தேசிய வனப்பகுதி தொடங்கும், அதற்குப் பிறகு இறங்கித் தாராளமாக நிற்கலாம். சாலை தெற்கு நோக்கி மலையைப் பார்த்தே போவதால், காலை ஒன்பது பத்து மணிக்கு வெயில் இடது முன்புறத்தில் இருந்து வரும். அதாவது இலைகளுக்குப் பின்னால் இருந்து. ஆஸ்பென் இலை மெல்லியது. வெளிச்சம் அதற்குள் புகுந்து வரும்போது உள்ளே விளக்கு ஏற்றியது மாதிரி எரியும். இந்த எதிர்வெளிச்சத்தை விட்டுவிட்டு, சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு எடுக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அப்படி எடுத்தால் மஞ்சள் வெறும் பெயின்ட் அடித்தது போல இருக்கும். சாலையோரம் தாழ்வாக வளரும் கேம்பல் ஓக் புதர்கள் இந்தப் பருவத்தில் செம்பழுப்பாக இருக்கும். மஞ்சளுக்குக் கீழே அந்தச் சிவப்பு ஒரு வரி வந்தால் படத்துக்குக் கனம் கூடும்.

இன்னும் இரண்டு சாலைகள். லாஸ்ட் டாலர் ரோடு, டல்லஸ் டிவைடு பக்கத்தில் தொடங்கி டெலுரைடில் முடியும். அழகுதான், ஆனால் நடுப்பகுதி கரடுமுரடு. களிமண் வேறு. மழையோ பனியோ பெய்து ஈரமாக இருந்தால் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிகூட வழுக்கும். சாதாரண வாடகைக் காரில் முழுவதும் போக வேண்டாம். காய்ந்திருந்தால் ஒரு முனையில் இருந்து கொஞ்ச தூரம் போய்த் திரும்பலாம், அதுவே நிறையத் தரும். மற்றது ரிட்ஜ்வேக்குக் கிழக்கே ஔல் க்ரீக் பாஸ் என்ற கணவாய், 10,114 அடி. மேற்குப் பக்கத்தில் இருந்து ஏறும்போது சிம்னி ராக், கோர்ட்ஹவுஸ் மவுன்டன் என்ற இரண்டு பாறைகளும் தோப்புக்கு மேலே நிற்கும். இது மாலைக்கான இடம். மேற்கு வெயில் நேராகப் பாறையில் விழுந்து செந்நிறமாக்கும். காலையில் போனால் பாறை வெறும் கருநிழல்.

ஐந்து நாளில் ஒரு மாற்றம் வேண்டுமென்றால் கெப்லர் பாஸ். க்ரெஸ்டட் பியூட் ஊரில் இருந்து மேற்கே 133ஆம் எண் நெடுஞ்சாலை வரை முப்பது மைல் அளவுக்குப் போகும் சாலை, பெரும்பாலும் கப்பி, உச்சி 10,007 அடி. காய்ந்திருந்தால் சாதாரண கார் போதும். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். ஆஸ்பென் காடு என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் அங்கேதான் தெரியும். சாலை கிழக்கு மேற்காகப் போவதால், காலையில் மேற்கு முகமாக ஓட்டினால் வெயில் முதுகுக்குப் பின்னால், மாலையில் ஓட்டினால் முகத்துக்கு நேரே. தோப்புக்குள் எதிர்வெளிச்சம் வேண்டுமென்றால் மாலையில் மேற்கே போங்கள். ஓட்டுபவருக்குத்தான் கண் கூசும், மெதுவாகப் போகச் சொல்லுங்கள். உச்சியில் இருந்து தெற்கே பிரியும் ஒஹையோ பாஸ் சாலையும் நல்லது. ஆனால் அதன் கீழ்ப்பகுதியில் மேற்கே தெரியும் ‘காசில்ஸ்’ என்ற கோபுரப் பாறைகளுக்குக் காலை வெயில் வேண்டும்.

ஆஸ்பென் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மரூன் பெல்ஸ் இரட்டைச் சிகரங்களை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். முன்பதிவு, பேருந்து, ஏரிக்கரையில் தோளோடு தோள் கூட்டம். ஒரு தடவை பார்க்கலாம், ஐந்து நாளில் ஒரு நாளை அதற்குக் கொடுக்க மாட்டேன்.

இனி கேமரா. ஆஸ்பென் இலையின் காம்பு தட்டையானது, அதுவும் இலைப்பரப்புக்குக் குறுக்காக. அதனால் நாம் உணராத காற்றுக்கும் இலை படபடக்கும். காட்சி முழுக்க நிலையாக இருக்கிறது என்று நினைத்து 1/30 வினாடியில் எடுத்தால் தண்டு கூர்மையாகவும் இலை கூழாகவும் வரும். 1/250க்குக் கீழே இறங்காதீர்கள், காற்று இருந்தால் 1/500. அதற்காக ஐஎஸ்ஓ 400, 800 போவதில் தப்பே இல்லை. அப்பர்ச்சர் எஃப் 8 போதும். பொதுவாக விடியலில் காற்று அடங்கி இருக்கும், பத்து பதினொரு மணிக்கு மேல் கிளம்பும். மெதுவான ஷட்டரில் இலைகளை வேண்டுமென்றே கலங்கவிட்டு எடுப்பதும் உண்டு. அதற்கு அரை வினாடி, ஒரு வினாடி என்று துணிந்து போக வேண்டும், இரண்டுங்கெட்டானாக இருக்கக் கூடாது.

லென்ஸுக்கு முன்னால் மாட்டிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் ஒன்று வாங்குங்கள், வேறு எந்த ஃபில்டரும் தேவையில்லை. இலையின் மேல்புறத்துக்கு ஒரு பளபளப்பு உண்டு. வெயிலில் அது வானத்தைப் பிரதிபலித்து வெள்ளையாக மின்னும், மஞ்சள் கரைந்துவிடும். போலரைசரைத் திருப்பும்போது அந்த வெள்ளைப் பூச்சு விலகி நிறம் உள்ளிருந்து வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முழுவதும் விலக்கிவிட வேண்டாம், கொஞ்சம் மினுக்கு இருந்தால்தான் இலை இலையாகத் தெரியும். இன்னொரு எச்சரிக்கை. இந்த உயரத்தில் வானம் ஏற்கெனவே கருநீலம். அதில் போலரைசரை முழுக்கத் திருப்பி 24 மில்லிமீட்டரில் எடுத்தால் வானத்தின் ஒரு பக்கம் கிட்டத்தட்டக் கறுப்பாகவும் மறுபக்கம் வெளுப்பாகவும் வரும். பின்னால் சரிசெய்வது பெரும் தலைவலி.

எதிர்வெளிச்சத்தில் எடுக்கும்போது வானத்தைச் சேர்க்காதீர்கள். 70-300ஐப் போட்டு, ஒளிரும் இலைகளுக்குப் பின்னால் நிழலில் இருக்கும் ஊசியிலை மரங்களோ இருண்ட சரிவோ வருகிற மாதிரி நின்று பாருங்கள். சாலையில் நான்கு எட்டு முன்னே பின்னே நகர்ந்தாலே பின்னணி மாறிவிடும். இந்தப் பயணத்தில் உங்கள் படங்களில் பாதிக்கு மேல் அந்த லென்ஸில்தான் வரும். எதிர்ச்சரிவில் பச்சையும் மஞ்சளும் சந்திக்கும் இடத்தை மட்டும் வெட்டி எடுக்க அதுதான் வசதி.

எக்ஸ்போஷரில் ஒரு பொறி இருக்கிறது. மஞ்சள் நிறத்தில் சிவப்பு சேனல்தான் முதலில் நிரம்பி வழியும். கேமராவின் சாதாரண ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) எல்லாம் சரி என்று காட்டும், வீட்டில் திறந்து பார்த்தால் இலையில் ஒரு விவரமும் இருக்காது. மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டுக்கொண்டு, சிவப்பு வலது சுவரில் முட்டினால் அரை ஸ்டாப் குறையுங்கள். ரா ஃபைலாக எடுங்கள். ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமனை, ஆட்டோவில் விட்டால் கேமரா இவ்வளவு மஞ்சளைப் பிழை என்று எண்ணி நீலத்தைச் சேர்க்கும். பகல்வெளிச்ச அமைப்பில் வைத்துவிடுங்கள்.

தோப்புக்குள் தண்டுகளை எடுக்கும்போது கிட்டே போய்ப் பாருங்கள். பட்டை வெள்ளை என்று சொல்கிறோம், உண்மையில் வெளிர் பச்சை கலந்த பால் நிறம், ஏனென்றால் அந்தப் பட்டையும் ஒளிச்சேர்க்கை செய்கிறது. கையை வைத்தால் மாவு ஒட்டும். கீழ்க்கிளைகள் தானாக உதிர்ந்த இடத்தில் கண் மாதிரி கறுப்புத் தழும்பு. சில தோப்புகளில் ஆளுயரம் வரைக்கும் தண்டு முழுக்கக் கரடாகக் கறுத்திருக்கும், அதற்கு மேல் திடீரென்று வழவழப்பு. பனிக்காலத்தில் எல்க் மான்கள் பட்டையைக் கடித்த வடு அது, அவற்றின் வாய் எட்டிய உயரத்தோடு நின்றுவிடும். வெள்ளைத் தண்டு வரிசை மட்டும் வேண்டுமானால் அந்தக் கோட்டுக்கு மேலே ஃப்ரேம் போடுங்கள். பெயர் செதுக்கியிருப்பதையும் பார்ப்பீர்கள். சில பழையவை, ஸ்பெயின், பிரான்ஸ் எல்லைப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட, ஆடு மேய்த்த பாஸ்க் இனத்தவர் செதுக்கியவை. இன்று யாரும் அதைச் செய்ய வேண்டாம், இந்த மெல்லிய பட்டையில் காயம் பட்டால் பூஞ்சை புகுந்து மரத்தையே கொல்லும்.

மேகம் மூடிய நாளில் சலித்துக்கொண்டு அறையில் உட்காராதீர்கள். தோப்புக்குள் எடுக்க அதுதான் நாள். தண்டில் வெயில் திட்டும் நிழல் திட்டும் இல்லாமல் சீராக இருக்கும். தரையில் விழுந்த ஈர இலைகள், நரம்பு மட்டும் இன்னும் பச்சையாக, ஓரம் மஞ்சளாக. அப்பா அம்மாவை அந்த மஞ்சள் தரையில் நடக்கவிட்டு எடுக்கிற படத்துக்கும் மேகமூட்டம்தான் முகத்துக்கு நல்லது. மழை விட்டு, சிகரங்களில் புதுப் பனி தூவி, மறுநாள் காலை வானம் திறந்தால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு டல்லஸ் டிவைடுக்கு ஓடுங்கள்.

ஓட்டுவது பற்றி. வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள், பலவற்றில் தார் போடாத சாலைக்குக் காப்பீடு கிடையாது என்று பொடி எழுத்தில் இருக்கும். மலைக்குள் போனால் செல்போன் சிக்னல் போய்விடும், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள், பெட்ரோலை ஊரிலேயே நிரப்புங்கள். குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. வண்டியைக் காய்ந்த புல்மேல் நிறுத்தாதீர்கள், சூடான சைலன்சர் தீ மூட்டிவிடும். நடுச்சாலையில் நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக எடுப்பது இந்தப் பருவத்தில் எல்லாரும் செய்கிற காரியம், வளைவில் செய்யாதீர்கள். மேய்ச்சல் மாடுகள் சாலையில் நிற்கும், ஹாரன் அடிக்காமல் ஊர்ந்து போனால் விலகும். செப்டம்பரில் எல்க் வேட்டை நடக்கும், காட்டுக்குள் இறங்கினால் பளிச்சென்ற ஆரஞ்சு நிற உடுப்பு ஒன்றை மேலே மாட்டிக்கொள்ளுங்கள். விடியலில் உறைநிலைக்குக் கீழே போகும், கூடுதல் பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள்.

படங்களைத் திருத்தும்போது சாச்சுரேஷன் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த மஞ்சளுக்கு ஏற்றுவதைவிடச் சற்று இறக்குவதுதான் பெரும்பாலும் தேவைப்படும். தண்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தண்டு மஞ்சளாகத் தெரிந்தால் நிறத்தை அதிகமாக ஏற்றிவிட்டீர்கள், நீலமாகத் தெரிந்தால் ஒயிட் பேலன்ஸ் குளிர்ந்திருக்கிறது.

அறையை இப்போதே பதிவு செய்யுங்கள். ரிட்ஜ்வேயில் கிடைக்காவிட்டால் மான்ட்ரோஸில் பாருங்கள், ஊர் பெரிது, தங்குமிடமும் அதிகம். என்ன, உதயத்துக்குப் போக இன்னும் அரை மணி முன்னால் எழ வேண்டும்.